ஜெசிக்கா ஃபிளெட்சர் பேச்சை நிறுத்தும் அந்த நொடி

'மர்டர், ஷி ரோட்' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு குற்றச்சாட்டு வந்துவிடும். கதாநாயகி ஜெசிக்கா ஃபிளெட்சர் கொலைகளைத் துப்பறியும் ஒரு நாவலாசிரியை; கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அந்த அம்மாவுக்கு எங்கிருந்தோ ஞானம் பிறந்துவிடுகிறது, பார்க்கிறவர்களுக்கு அதில் பங்கே இல்லை என்பார்கள். யாரோ குடையைப் பற்றியோ கோட்டைப் பற்றியோ சம்பந்தமில்லாமல் ஒரு வார்த்தை சொல்ல, ஜெசிக்கா பாதிப் பேச்சில் நின்றுபோவார். அடுத்த காட்சியில் கொலையாளியின் எதிரில் போய் நிற்பார். இது பார்வையாளரை ஏமாற்றுகிற வேலை என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. தொடரிலேயே மிக நாணயமான இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அந்த நொடி வரும்போது, யார் செய்தது என்று கண்டுபிடிக்க வேண்டிய எல்லாமே பெரும்பாலான கதைகளில் நம் கண்ணிலும் காதிலும் ஏற்கெனவே விழுந்திருக்கும். அவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். அவர் கோத்துப் பார்த்துவிட்டார், நாம் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவே.

இதைப் புரிந்துகொள்ள, தொடரை உருவாக்கியவர்கள் அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் செய்த இன்னொரு தொடரைப் பார்க்க வேண்டும்.

எல்லரி குவீன் கேமராவைப் பார்த்த கதை

1984 செப்டம்பர் 30 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'மர்டர், ஷி ரோட்' தொடங்கியது. உருவாக்கியவர்கள் ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க், பீட்டர் எஸ். ஃபிஷர் என்ற மூவர். முதல் இருவரும்தான் 'கொலம்போ' என்ற துப்பறியும் தொடரைப் படைத்தவர்கள். மூவரும் சேர்ந்து வேலை செய்த இன்னொரு தொடர் 'எல்லரி குவீன்'. 1975 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சிப் படமாக வந்து, அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து என்பிசியில் 22 எபிசோட் ஓடி, 1976 ஏப்ரலில் நின்றுபோனது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இருக்கும் நியூயார்க்கில் கதை நடக்கும். ஜிம் ஹட்டன் நடித்த எல்லரி ஒரு துப்பறியும் நாவலாசிரியர். அப்பா காவல்துறை இன்ஸ்பெக்டர், அந்த வேடத்தில் டேவிட் வெய்ன். மகனுக்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. அப்பாவின் வழக்குகளில் மூக்கை நுழைப்பதுதான் வேலை.

அந்தத் தொடரில் ஒரு சடங்கு உண்டு. கடைசி விளம்பர இடைவேளைக்குச் சற்று முன்னால் எல்லரிக்கு விடை தெரிந்துவிடும். உடனே நேராகக் கேமராவைப் பார்த்து நம்மோடு பேசுவார். எனக்குத் தெரிந்துவிட்டது, உங்களுக்குத் தெரிந்ததா, அந்த விஷயத்தைக் கவனித்தீர்களா, இந்த ஆள் சொன்னதை யோசித்தீர்களா என்று கேட்பார். எல்லரி குவீன் நாவல்களில் முடிவுக்கு முன் வாசகருக்கு வைக்கும் சவாலைச் சின்னத்திரைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. போதாததற்கு ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் ஒரு குரல், இன்னும் சில நிமிடங்களில் இவர் கொல்லப்படுவார், கொன்றது இவரா, அவரா என்று முகங்களை வரிசையாகக் காட்டி நம்மைப் போட்டிக்கு அழைக்கும்.

புதிர்ப் பிரியர்களுக்கு இதைவிட நல்ல தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்ததில்லை என்பது என் எண்ணம். ஆனால் ஒரே சீசனில் முடிந்தது. நேரடிச் சவாலில் ஒரு சங்கடம் இருக்கிறது. நாயகன் திரையிலிருந்து நம்மைப் பார்த்துக் கேட்டுவிட்டால், பதில் தெரியாதவர் தோற்றவர் ஆகிவிடுகிறார். வேலை முடிந்து இரவு உட்கார்ந்து டிவி போட்டவரை வாரா வாரம் பரீட்சைக்கு உட்கார வைத்தால் எத்தனை வாரம் வருவார்?

1984-இல் அதே எழுத்தாளர்கள் அதே சவாலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த முறை கேள்வி கேட்கவில்லை. எல்லரி கேமராவைப் பார்த்துப் பேசிய அதே இடத்தில், கடைசி இடைவேளைக்குச் சற்று முன்பு, ஜெசிக்காவாக நடித்த ஏஞ்சலா லேன்ஸ்பரியின் முகத்தை வைத்தார்கள். அவர் பாதி வாக்கியத்தில் நிற்பார். கண் பேசுகிறவரை விட்டு விலகி வெறும் காற்றில் ஒரு புள்ளியில் போய் நிற்கும். உதடு லேசாகத் திறக்கும். கேமரா மெதுவாக நெருங்கும். பிறகு ஒரு சாக்குச் சொல்லிவிட்டு, என்ன தெரிந்தது என்பதை யாரிடமும் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். விளம்பரம். புதிரை அவிழ்க்க விரும்புகிறவருக்கு இது மணி அடித்த மாதிரி. மற்றவர்களுக்கு வெறும் சுவாரசியமான நிறுத்தம். தோற்ற உணர்வு யாருக்கும் இல்லை. ஒரே சீசனில் முடிந்த வடிவம் 12 சீசன், 264 எபிசோட் ஓடியதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஞாயிறு இரவு எட்டு மணி, அதற்கு முன்னால் '60 மினிட்ஸ்' என்ற புகழ்பெற்ற செய்தி நிகழ்ச்சி என்ற வசதி சாதாரணமானதல்ல. ஆனாலும் இந்த ஒரு மாற்றத்தை நான் முதலில் வைப்பேன்.

லேன்ஸ்பரிக்கு அப்போது 58 வயது. ஜெசிக்கா வேடம் முதலில் ஜீன் ஸ்டேபிள்டனுக்குப் போய், அவர் மறுத்த பிறகே இவரிடம் வந்தது. இதற்கு முன்பே 1980-இல் ஒரு திரைப்படத்தில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளாக நடித்திருந்தார். மேடையிலும் திரையிலும் நாற்பது வருஷப் பழக்கம். யோசிப்பதை நடித்துக் காட்டுவது எளிதல்ல. நெற்றியைச் சுருக்கினால் நாடகத்தனமாகிவிடும், ஒன்றும் செய்யாவிட்டால் திரையில் எதுவும் பதியாது. இவர் செய்தது, கையில் இருக்கும் வேலையை நிறுத்துவது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தால் கெட்டில் பாதியில் நிற்கும். துணி மடித்துக்கொண்டிருந்தால் மடிப்பு நிற்கும். 12 வருஷமும் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட இந்த வேடத்துக்காக அவருக்கு அது கிடைக்கவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

47 நிமிடத்துக்குள் என்ன எங்கே இருக்கும்

ஒரு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போகக் கதைக்குக் கிடைத்தது ஏறக்குறைய 47 நிமிடம். அதன் அமைப்பு பெரும்பாலும் மாறாது. முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சாகப்போகிறவரைப் பார்ப்போம். அவர் அங்கே இருக்கும் ஐந்தாறு பேரையும் ஒவ்வொருவராகப் பகைத்துக்கொள்வார். பிறகு கொலை. உள்ளூர் போலீஸ் தவறான ஆளைப் பிடிக்கும். அந்த ஆள் பெரும்பாலும் ஜெசிக்காவுக்கு வேண்டியவர், அடிக்கடி அவரது கணவரின் சகோதரர் மகன் கிரேடி. நடுப்பகுதி முழுக்க ஜெசிக்கா ஒவ்வொருவரையும் தேடிப்போய்ப் பேசுவார். பிறகு அந்த நொடி. அதன் பின் கொலையாளியோடு நேருக்கு நேர். கடைசியில் ஒரு சின்னக் கலகலப்பு, ஜெசிக்கா சிரிக்கும்போது படம் உறைந்து நிற்கும்.

இந்த அமைப்பிலிருந்து பார்வையாளருக்குக் கிடைக்கும் முதல் பாடம், கொலைக்கான காரணத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது. முதல் கால்பகுதியே எல்லோருக்கும் காரணம் கொடுப்பதற்காகத்தான் எழுதப்பட்டது. ஒருவருக்குக் கடன், ஒருவருக்குப் பொறாமை, ஒருவருக்குப் பறிபோன சொத்து. எல்லோரிடமும் இருப்பது யாரையும் பிரித்துக் காட்டாது. அது மட்டுமல்ல, உண்மையான காரணம் பல கதைகளில் கடைசி வாக்குமூலத்தில்தான் வெளிவரும். இருபது வருஷத்துக்கு முன் இறந்த ஒருவரின் மகள் இவள்தான் என்று அப்போதுதான் சொல்வார்கள். தொடர் நியாயமில்லாமல் நடக்கும் இடம் என்று யாராவது சொன்னால், இதை ஒப்புக்கொள்வேன். 'ஏன்' என்பதை மறைப்பார்கள். 'யார்' என்பதை மறைப்பது அரிது.

இரண்டாவது, நடிகரின் முகத்தைப் பார்த்து ஊகிக்கும் வழி. நன்கு தெரிந்த நடிகர் சின்ன வேடத்தில் வந்தால் அவரே கொலையாளி என்பார்கள். மற்றத் தொடர்களில் இது பலிக்கலாம். இங்கே விருந்து நடிகர்களில் பாதிப் பேர் பழைய ஹாலிவுட்டின் பெரிய பெயர்கள். முதல் சீசனில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் காரைப் பற்றிய ஒரு கதையில் வேன் ஜான்சனும் ஜூன் அலிசனும் ஒன்றாக வருகிறார்கள். எல்லோருமே தெரிந்த முகமாக இருக்கும்போது எந்த முகத்தை வைத்து ஊகிப்பது? பெயர்களையும் அகரவரிசையில்தான் போட்டார்கள். பட்டியலில் யார் முதலில், யார் கடைசியில் என்பதிலிருந்தும் எதையும் பிடிக்க முடியாது.

தெரியக்கூடாதது தெரிந்தவர்

இந்தத் தொடரில் மிக அதிகமாகப் பயன்படுவது ஒரே வகைத் துப்பு. கொலையாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிடுவார். எந்தக் கதையின் முடிவையும் உடைக்காமல் இருக்க நானே ஒன்று கட்டிச் சொல்கிறேன். ஒரு பதிப்பாளர் தன் அறையில் கொல்லப்படுகிறார். வேலைக்காரப் பெண் பிணத்தைப் பார்த்ததும் திறந்து கிடந்த ஜன்னலைச் சாத்துகிறாள், மழை உள்ளே அடிக்கிறது. போலீஸ் வரும்போது ஜன்னல் மூடியிருக்கிறது. மறுநாள் இறந்தவரின் பங்காளி, அவருக்குக் குளிர் ஆகவே ஆகாது, அந்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அப்போதே ஏதோ மனம் சரியில்லாமல் இருந்திருக்கிறார் என்று வருத்தத்தோடு சொல்கிறார். முடிந்தது. ஜன்னல் திறந்திருந்தது வேலைக்காரிக்கும் கொன்றவருக்கும்தான் தெரியும்.

கேட்கும்போது எளிது. ஆனால் அந்த வரியை எங்கே ஒளிப்பார்கள் என்பதில்தான் எழுத்தின் திறமை இருக்கிறது. தனி வாக்கியமாக விடமாட்டார்கள், ஒரு நீண்ட புலம்பலின் நடுவில் வைப்பார்கள். அதை ஒட்டியே ஒரு உரத்த குற்றச்சாட்டு வரும். அவரைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரியும் என்று அதே ஆள் கத்துவார். நம் காது பின்னதைப் பிடித்துக்கொண்டு முன்னதை விட்டுவிடும். இல்லாவிட்டால் ஜெசிக்காவின் ஊரான கேபட் கோவின் ஷெரிஃப் ஏமஸ் டப்பர் உள்ளே வந்து தலையைச் சொறிந்துகொண்டு ஏதாவது கேட்பார், நாம் சிரித்துவிடுவோம், வரி போய்விடும். டாம் பாஸ்லி நடித்த அந்த ஷெரிஃப் சிரிப்புக்காக மட்டும் இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் பேசிய காட்சிகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால், அவர் வாய் திறப்பதற்கு முந்தைய வரி பல நேரம் முக்கியமானதாக இருக்கும்.

பிறகு, அந்த நொடியைத் தூண்டும் வார்த்தை. குடையைப் பற்றி யாரோ சொன்ன உடனே ஜெசிக்காவுக்குப் பொறி தட்டினால், குடை துப்பு அல்ல. குடை, மழை, ஜன்னல் என்று பழைய வரிக்குத் திரும்பிப் போகும் வழி மட்டுமே. இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்கள்தான் துப்பு வானத்திலிருந்து விழுந்தது என்கிறார்கள். சம்பந்தமில்லாத வார்த்தை வரும்போது, இதே சொல், இதே பொருள், இதே நேரம் முன்பு எந்தக் காட்சியில் வந்தது என்று பின்னோக்கித் தேட வேண்டும். பெரும்பாலும் கொலைக்குப் பிறகு வரும் முதல் இரண்டு மூன்று உரையாடல்களுக்குள் அது கிடைத்துவிடும்.

அடுத்த வகை, பொருள். திரை முழுக்க ஒரு பொருளை மட்டும் இரண்டு மூன்று விநாடி காட்டினால் அதற்குக் காரணம் இருக்கும். ஒரு மணி நேர அமெரிக்கத் தொடரை ஒரு வாரம், எட்டு நாளில் எடுத்து முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் சும்மா ஒரு கைக்கடிகாரத்துக்கு விளக்கு அமைத்துத் தனியாகப் படம் எடுக்கமாட்டார்கள். அந்தப் பொருள் இரண்டாம் முறை வரும்போது என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இல்லாமல் போயிருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா, வேறு கையில் இருக்கிறதா.

கெட்டுப்போவது எங்கே

கண்டுபிடிப்பதும் நிரூபிப்பதும் வேறு வேறு. மேலே சொன்ன ஜன்னல் வரியை வைத்து ஒரு நீதிமன்றத்தில் எதையும் நிரூபிக்க முடியாது. யாரோ சொல்லிக் கேட்டேன் என்று பங்காளி தப்பித்துவிடுவார். அதனால் கடைசிப் பகுதியில் ஜெசிக்கா பொறி வைப்பார். இல்லாத சாட்சியம் இருப்பதாக ஊரறியச் சொல்வார். கொலையாளி அதை எடுக்க இரவில் வருவார். விளக்கு எரியும், கதவுக்குப் பின்னால் போலீஸ் நிற்கும். தொடரின் பலவீனம் இந்த இடத்தில்தான். ஒருமுறை இரண்டுமுறை நன்றாக இருக்கும். திரும்பத் திரும்ப வரும்போது, இத்தனை கவனமாகக் கொலையைத் திட்டமிட்டவர் இப்படியா வந்து மாட்டிக்கொள்வார் என்று தோன்றாமல் இருக்காது. துப்பை நேர்த்தியாக ஒளிக்கத் தெரிந்தவர்கள் நிரூபணத்துக்கும் அதே உழைப்பைக் கொடுத்திருக்கலாம்.

இன்னொரு கேடு எழுத்தாளர்கள் செய்ததல்ல. மறுஒளிபரப்புகளில் விளம்பர நேரம் கூடிவிட்டதால், எண்பதுகளின் தொடர்களில் சில நிமிடங்களை வெட்டி ஓட்டுவது வழக்கம். வெட்டுகிறவர் கதைக்குத் தேவையில்லாதது போலத் தெரியும் காட்சியைத்தான் வெட்டுவார். இந்தத் தொடரில் தேவையில்லாதது போலத் தெரியும் காட்சியில்தான் துப்பு இருக்கிறது. பங்காளியின் புலம்பல் போய்விட்டால் ஜெசிக்காவின் திகைப்பு உண்மையிலேயே வானத்திலிருந்து விழுந்ததாகிவிடும். எபிசோட் 47 நிமிடத்துக்கு மிகவும் குறைவாக இருந்தால் அந்தப் பிரதியை வைத்துத் தொடரைக் குறை சொல்லக்கூடாது. அதேபோல இது பழைய நான்குக்கு மூன்று அளவுத் திரைக்காக எடுக்கப்பட்டது. அகலத் திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டிய பிரதி என்றால், முதலில் போவது படத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கைகளும் மேஜைப் பொருள்களும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிகிற பிரதியே நல்ல பிரதி.

கேபட் கோவ் மெய்ன் மாநிலத்துக் கடலோர ஊர் என்று கதை சொல்கிறது, வெளிப்புறக் காட்சிகளை எடுத்தது நாட்டின் மறுகரையில், கலிஃபோர்னியாவின் மெண்டசீனோவில். மெய்னில் சூரியன் கடலிலிருந்து எழும், மெண்டசீனோவில் கடலில் இறங்கும். ஊர்க் காட்சிகளில் வெயில் விழும் திசையை வைத்து எதையும் கணக்குப் போட வேண்டாம். எழுத்தாளர்களும் அதை வைத்துத் துப்பு எழுதவில்லை.

ஜெசிக்கா இல்லாத கதைகள்

என் வாதத்துக்குப் பலம் சேர்க்கும் எபிசோட்கள் தொடருக்குள்ளேயே இருக்கின்றன. வாரா வாரம் முழு பாரத்தையும் சுமந்து லேன்ஸ்பரி களைத்துப்போனதால், ஆறாவது, ஏழாவது சீசன்களில் சில கதைகளில் அவர் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வந்து கதையை அறிமுகம் செய்துவிட்டுப் போவார். அவற்றில் பலவற்றில் துப்பறிகிறவர் கீத் மிச்செல் நடித்த டெனிஸ் ஸ்டேன்டன். முன்னாள் நகைத் திருடர், பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் காப்பீட்டு நிறுவனத்துக்காக வேலை பார்க்கிறவர். மிச்செல் அருமையான நடிகர், வசனமும் சுறுசுறுப்பு. அமைப்பும் அதேதான். இருந்தும் அவை வேறு தொடர் போலத் தெரிகின்றன. ஸ்டேன்டனுக்கு விஷயம் புரியும்போது அவர் முகத்தில் ஒரு குறும்பு வரும், நமக்கு ஒரு படி மேலே போய்விடுவார். ஜெசிக்காவின் நிறுத்தத்தில் அந்த உயரம் இல்லை. பல கதைகளில் அவர் முகத்தில் ஓடுவது துக்கம். தனக்குப் பிடித்த ஒருவர்தான் செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்திருக்கும்.

எட்டாவது சீசனில் ஜெசிக்கா நியூயார்க்கில் ஓர் அடுக்குமாடி வீடு எடுத்துக் குற்றவியல் பாடம் நடத்தப் போகிறார். தட்டச்சுப் பொறியின் இடத்தில் கணினி வருகிறது. அந்தக் காலத்துக் கதைகளில் நல்லவை உண்டு, ஆனால் சதி பெரிதாகிவிட்டது, நிறுவனங்களும் ஒப்பந்தங்களும் புகுந்துவிட்டன. பங்காளியின் புலம்பலை ஒளிக்க இடம் குறைந்துவிட்டது. 12-ஆவது சீசனில் சிபிஎஸ் தொடரை வியாழக்கிழமைக்கு மாற்றி 'ஃபிரெண்ட்ஸ்' தொடருக்கு எதிரில் நிறுத்தியது. அந்த சீசனில் இளைஞர் கூட்டத்தைப் பற்றிய ஒரு நகைச்சுவைத் தொடரின் படப்பிடிப்பில் கொலை நடக்கும் எபிசோடும் உண்டு. அதன் பெயர் 'மர்டர் அமங் ஃபிரெண்ட்ஸ்'. 1996 மே 19 அன்று தொடர் முடிந்தது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் முதல் நான்கு சீசன்களில் தொடங்குவது நல்லது, ஷெரிஃப் டப்பர் இருக்கும் காலம். இரண்டு மணி நேர முதல் கதை பல இடங்களில் இரண்டு எபிசோடாகப் பிரித்துக் கிடைக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் பாருங்கள், ஜெசிக்காவின் முகத்தில் துக்கம் ஓடுவது என்று சொன்னேனே, அது அங்கேயே தொடங்குகிறது. பிறகு மூன்றாவது சீசனில் 1987-இல் வந்த 'தி டேஸ் டுவிண்டில் டவுன்'. அதில் 1949-இல் வந்த 'ஸ்டிரேஞ்ச் பார்கெய்ன்' படத்தின் காட்சிகளையே பழைய நினைவுகளாகப் பயன்படுத்தி, அந்தப் படத்தில் நடித்த மார்த்தா ஸ்காட், ஜெஃப்ரி லின், ஹாரி மார்கன் மூவரையும் முதியவர்களாகத் திரும்ப நடிக்க வைத்தார்கள். வேறொரு இயக்குநர், வேறொரு நோக்கத்துக்காக 38 வருஷத்துக்கு முன் எடுத்த படத்தை எடுத்து, முழுக் குற்றத்தையும் மறுபடி விசாரித்திருக்கிறார்கள்.

எந்த எபிசோடைப் பார்த்தாலும் ஜெசிக்காவின் கை வேலையை நிறுத்தும் இடத்தில் நீங்களும் ரிமோட்டை அழுத்தி நிறுத்துங்கள். கொலைக்குப் பிந்தைய முதல் இரண்டு மூன்று உரையாடல்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். வரவில்லையென்றால் பின்னால் ஓட்டிப் பாருங்கள், அதில் தவறொன்றும் இல்லை. 1984-இல் டிவி முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வசதி கிடையாது, ஒரு விளம்பர இடைவேளைதான் கிடைத்தது.